பன்னிரண்டு படம், ஒரே புத்தகம்!

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குக் காலையில் போய்ப் பாருங்கள். ஒரே இரைச்சல்!

மல்லிகை ஒரு பக்கம். பிச்சி ஒரு பக்கம். கேந்தி ஒரு பக்கம். சுற்று வட்டாரக் கிராமங்களில் இருந்து மூட்டை மூட்டையாகப் பூ வந்து இறங்குகிறது. தராசுத் தட்டு ஏறுகிறது, இறங்குகிறது.

பூவின் விலையும் அப்படித்தான். இன்று ஏறும், நாளை இறங்கும். முகூர்த்த நாள் வந்தால் ஆகாயத்துக்குப் போகும். அது கழிந்த மறுநாளே கேட்பார் இருக்க மாட்டார்கள்.

என் அத்தான் ஒரு மல்லிகை விவசாயி. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமம். ஒரு கிணறு, கொஞ்சம் தோட்டம். என் அக்காளைக் கட்டிக் கொடுத்த நாளில் இருந்து அவரிடம் ஒரு பழக்கத்தைப் பார்த்து வருகிறேன். மார்க்கெட்டில் இருந்து வந்ததும் ஒரு நோட்டை எடுப்பார். தேதி, எத்தனை கிலோ, என்ன விலை, இந்த மூன்றையும் எழுதுவார். சட்டையைக் கழற்றுவது அதற்குப் பிறகுதான்!

அந்த நோட்டில் இருந்து பிறந்த கதை இது.

அழிப்பதா, வைத்திருப்பதா?

ஒருநாள் அத்தான் என்னிடம், "மாப்பிள்ளை! மல்லிகையை அழித்து விடலாம் என்று பார்க்கிறேன். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை" என்றார்.

அக்காள் ஒன்றும் பேசவில்லை. கண்ணைத் துடைத்துக் கொண்டாள். அந்தத் தோட்டம்தான் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தது.

மூத்த மகள் புள்ளியியலில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். அவள் சொன்னாள்:

"அழிப்பது இருக்கட்டும் அப்பா. முதலில் நோட்டைக் கொடுங்கள். ஒரு வருஷத்துக் கணக்கைப் படம் போட்டுக் காட்டுகிறேன். கல்லூரியிலும் ஓர் ஆய்வுக் கட்டுரை கேட்டு இருக்கிறார்கள். இதையே எழுதி விடுகிறேன்."

கணக்கைப் படம் போடுவது என்றால் என்ன? ஆஸ்பத்திரியில் கட்டில் ஓரத்தில் காய்ச்சல் அட்டை தொங்குமே, பார்த்து இருப்பீர்கள். அதில் ஒரு கோடு மேலும் கீழும் வளைந்து போகும். கோடு ஏறினால் காய்ச்சல் ஏறி இருக்கிறது. இறங்கினால் உடம்பு தேறுகிறது. டாக்டர் எண்களைப் படிப்பது இல்லை. கோட்டைப் பார்த்தாலே போதும். அதுபோல, கீழே தேதி, பக்கத்தில் விலை என்று போட்டால் பூவுக்கும் ஒரு 'காய்ச்சல் அட்டை' தயார்!

உதிரிப் பூ

அவள் நோட்டு முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். 'ஆர்' என்று ஒரு மென்பொருள் உண்டு. கணக்கு ஆய்வுக்கு உலகம் முழுவதும் உபயோகப்படுவது. காசு கொடுக்க வேண்டாம்; இலவசம். அதில் மாதத்துக்கு ஒரு படம் வீதம் பன்னிரண்டு படம் போட்டாள்.

ஒவ்வொரு படமும் ஒரு தனிக் கோப்பு. பன்னிரண்டையும் அப்பாவின் செல்போனுக்கு அனுப்பினாள்.

அத்தான் செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மார்ச்சுக்குப் பிறகு ஆகஸ்டு வந்தது. பிறகு ஜனவரி. ஜூன் மாதத்தைக் காணவே காணோம்!

"என்னம்மா இது, உதிரிப் பூவைக் கொட்டின மாதிரி இருக்கிறதே! தொடுத்துக் கொடும்மா" என்றார்.

பூக்காரர் அல்லவா? சரியான இடத்தைத் தொட்டு விட்டார். பன்னிரண்டு படமும் வரிசையாக, பக்கம் பக்கமாக, ஒரே கோப்பில் இருக்க வேண்டும். புத்தகம் போல் புரட்ட வேண்டும். கல்லூரியிலும் அதைத்தான் கேட்டார்கள்.

டிசம்பர் மட்டும்!

மறுநாள் காலையில் கட்டுரையைக் கொடுக்க வேண்டும். அன்று இரவு அவள் உட்கார்ந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

ஆர் மென்பொருளில் 'பி.டி.எப்.' என்று ஒரு கட்டளை. அது ஒரு புதிய கோப்பைத் திறக்கும். பிறகு படம் போட்டால் அது திரையில் வராது. நேராகக் கோப்புக்குள் போய் விழும். கடைசியில் 'டெவ்.ஆப்' என்ற கட்டளை கோப்பை மூடும். திற, வரை, மூடு. இவ்வளவுதான் வித்தை.

பன்னிரண்டு படத்தையும் தனித்தனியாக எழுத வேண்டியது இல்லை. "ஒன்றில் இருந்து பன்னிரண்டு வரை இதையே திரும்பத் திரும்பச் செய்" என்று ஒரு சுழல் கட்டளை போடலாம். அவளும் போட்டாள். கம்ப்யூட்டர் ஒரு நொடியில் வேலையை முடித்தது.

கோப்பைத் திறந்தாள். ஒரே ஒரு பக்கம்! டிசம்பர் மட்டும் இருந்தது. மற்ற பதினொரு மாதம் எங்கே?

"மாமா! எல்லாம் போச்சு!" என்றாள்.

ஒன்றும் போகவில்லை. நடந்தது இதுதான். கோப்பைத் திறக்கும் கட்டளையையும் மூடும் கட்டளையையும் அவள் சுழலுக்கு உள்ளே வைத்து விட்டாள். ஆகவே கம்ப்யூட்டர் என்ன செய்தது? கோப்பைத் திறந்து ஜனவரியை வரைந்து மூடியது. மறுபடி அதே பெயரில் புதிதாகத் திறந்தது. புதிதாகத் திறந்ததால் ஜனவரி அழிந்து, பிப்ரவரி வந்தது. மார்ச் வந்ததும் பிப்ரவரி போயிற்று. இப்படியே போய், கடைசியில் டிசம்பர் மிஞ்சியது. ஒரே சிலேட்டில் பன்னிரண்டு பாடம் எழுதின கதை! சிலேட்டில் கடைசிப் பாடம்தானே இருக்கும்?

அவளே கண்டுபிடித்தாள். திறக்கும் கட்டளையைச் சுழலுக்கு வெளியே, மேலே கொண்டு போனாள். அவசரத்தில் மூடும் கட்டளையை அடித்தே விட்டாள். திரும்ப ஓட்டினாள்.

இப்போது கோப்பு திறக்கவே இல்லை. "கோப்பு பழுதாகி இருக்கிறது" என்று வந்தது. மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. அவள் முகம் வாடிவிட்டது.

கடைசி முடிச்சு

அதற்குக் காரணம் என்ன தெரியுமா?

பி.டி.எப். கோப்புக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. அதன் பொருளடக்கம் கடைசியில் இருக்கிறது! எந்தப் பக்கம் எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல் கோப்பின் வால் பகுதியில்தான் எழுதப்படுகிறது. கோப்பைப் படிக்கும் மென்பொருள் முதலில் வாலைத்தான் தேடும். 'டெவ்.ஆப்' கட்டளை கொடுத்தால்தான் அந்த வால் எழுதப்படும். அது இல்லாவிட்டால், உள்ளே பன்னிரண்டு படமும் இருந்தாலும் பார்க்க முடியாது.

இதை அக்காளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அவள் அப்போது வாசலில் சரம் தொடுத்துக் கொண்டு இருந்தாள். "நீ சரம் தொடுத்து விட்டுக் கடைசி முடிச்சுப் போடாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"தூக்கினால் பூவெல்லாம் கொட்டும்" என்றாள்.

உள்ளே இருந்து மகள் குரல் கொடுத்தாள்: "புரிந்து விட்டது மாமா!"

சுழலுக்கு வெளியே, கீழே, மூடும் கட்டளையைப் போட்டாள். பன்னிரண்டு பக்கமும் வந்தன. ஜனவரி முதல், டிசம்பர் வரை, வரிசை தப்பாமல்!

படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு வார்த்தை. படங்களை 'ஜிஜிபிளாட்' முறையில் போடுகிறவர்கள் சுழலுக்குள் 'பிரிண்ட்' என்ற கட்டளையையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு படமும் கோப்புக்குள் விழாது. மேலும், ஆர் நிரலைத் திரை இல்லாமல் ஓட்டினால், நீங்கள் பெயர் கொடுக்காவிட்டாலும் 'ஆர்பிளாட்ஸ்' என்ற பெயரில் ஒரு பி.டி.எப். தானாக உண்டாகும். "படம் எங்கே போயிற்று?" என்று தேடுகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள். தமிழ் எழுத்தைத் தலைப்பாகப் போடுகிறவர்கள் சாதாரண 'பி.டி.எப்.' கட்டளையை விட்டு 'கெய்ரோ பி.டி.எப்.' கட்டளையை உபயோகிப்பது நல்லது. கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு இருக்க வேண்டும்.

இருநூறு ஆண்டுக்கு முந்திய புத்தகம்

படங்களை ஒரே புத்தகமாகக் கட்டுவது இன்றைய யோசனை அல்ல.

1786-ம் ஆண்டு லண்டனில் ஒரு புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் வில்லியம் பிளேபேர். ஸ்காட்லாந்துக்காரர். நீராவி யந்திரப் புகழ் ஜேம்ஸ் வாட்டிடம் படம் வரையும் வேலை பார்த்தவர். இங்கிலாந்து எந்த எந்த நாட்டுடன் எவ்வளவு வியாபாரம் செய்தது என்பது போன்ற கணக்குகளை 44 படங்களாக அவர் அந்தப் புத்தகத்தில் போட்டு இருந்தார். அவற்றில் 43 கோட்டுப் படங்கள். ஒன்று கம்பிப் படம். அதற்கு முன் வியாபாரக் கணக்கை எண் வரிசையாகத்தான் எழுதுவார்கள். பிளேபேர் அதைக் கண்ணால் பார்க்க வைத்தார்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு படத்தையும் செப்புத் தகட்டில் செதுக்க வேண்டும். அச்சிட்ட பிறகு வர்ணம் கையால் பூச வேண்டும். ஒரு கோடு தப்பினால் திருத்துவது பெரும்பாடு. 44 படம் என்றால் எத்தனை நாள் வேலை! என் அக்காள் மகளுக்குப் பன்னிரண்டு படத்துக்கு ஒரு நொடி. (அழுத நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

ஆர் மென்பொருளை உருவாக்கியவர்கள் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர். நியூசிலாந்தில் ஆக்லந்து பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களாக இருந்தவர்கள். இருவர் பெயரும் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது. அதனால் மென்பொருளுக்கும் அதே பெயர். அதற்கு முன்பு அமெரிக்காவில் 'எஸ்' என்று ஒரு கணக்கு மொழி இருந்தது. அதன் தம்பி போலவே இது பிறந்தது. இதன் முதல் முழுப் பதிப்பு 2000-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி வெளிவந்தது.

பைத்தான் மொழி படிக்கிறவர்களுக்கு 'மேட்பிளாட்லிப்' என்ற கருவி இருக்கிறது. அதை உண்டாக்கியவர் ஜான் ஹன்டர். அமெரிக்கர், மூளை ஆராய்ச்சியாளர். காக்காய் வலிப்பு நோயாளிகளின் மூளையில் ஓடும் மின்சார அலைகளைப் படம் போட்டுப் பார்க்க ஒரு கருவி தேவைப்பட்டது. தாமே செய்தார். 2003-ல் உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். 2012-ல், 44 வயதில், அவர் காலமானார். இன்று கோடிக்கணக்கான படங்கள் அவருடைய கருவியில் வரையப்படுகின்றன.

அந்தக் கருவியில் பல படங்களை ஒரே கோப்பில் கட்டுவதற்கு 'பி.டி.எப். பேஜஸ்' என்று பெயர். அதுவும் திற, வரை, மூடு என்ற அதே மூன்று வேலைதான். ஆனால் ஒரு சௌகரியம். 'வித்' என்ற சொல்லைப் போட்டுத் தொடங்கினால், கடைசி முடிச்சை அது தானாகவே போட்டுவிடும். மறதிக்காரர்களுக்கு ஏற்றது! வரைந்த படத்தை அவ்வப்போது மூடிவிடவும் வேண்டும். இருபது படத்துக்கு மேல் திறந்தபடி கிடந்தால் அந்தக் கருவியே எச்சரிக்கை கொடுக்கும்.

பி.டி.எப். என்பதே 1993-ல் அமெரிக்காவின் அடோபி கம்பெனி வெளியிட்டது. எந்த ஊரில், எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது நோக்கம். 2008-ல் அது சர்வதேச அளவுகோல் ஆயிற்று.

எரிந்த ஏடுகள்

பக்கங்கள் சிதறிப் போவதன் கஷ்டம் நமது ஊர்ப்பக்கத்துக்கு நன்றாகத் தெரியும்.

சங்கரன்கோவிலில் இருந்து கொஞ்ச தூரத்தில் கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. பழைய பாண்டியர் ஊர். தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர் ஓலைச் சுவடி தேடி அந்த ஊருக்கு வந்தார். பாண்டிய மன்னர் ஒருவர் சேர்த்து வைத்த ஏடுகள் அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தார். அவர் வருவதற்கு முன்பே, பழைய ஏடுகள் என்று சொல்லி அவற்றை ஹோமத்தீயில் போட்டு விட்டார்கள்! இதைத் தமது சரித்திரத்தில் மிகுந்த வேதனையோடு எழுதி இருக்கிறார்.

ஏட்டில் துளை போட்டுக் கயிறு கோத்துக் கட்டுவது எதற்காக? ஓலை ஒன்று நழுவினால் பாட்டு ஒன்று போயிற்று. முதலும் இல்லாமல் முடிவும் இல்லாமல் கிடைத்த சுவடிகளோடு அந்தப் பெரியவர் பட்ட பாடு கொஞ்சம் அல்ல.

கம்ப்யூட்டரிலும் சுவடி அழியும். ஆகவே, அக்காள் மகள் கோப்பை இரண்டு இடத்தில் வைத்தாள். ஒன்று கம்ப்யூட்டரில். இன்னொன்று ஒரு பென்டிரைவில்.

அத்தான் போட்ட குண்டு

காலையில் அத்தான் பக்கங்களைப் புரட்டினார். இப்போது வரிசையாக வந்தது. சந்தோஷம். ஏப்ரல் பக்கத்தில் நின்றார். ஜனவரிக்குப் போனார். மறுபடி ஏப்ரலுக்கு வந்தார்.

"ஏம்மா, இரண்டு மாதமும் ஒரே உயரமாக இருக்கிறதே! ஏப்ரலில் பூவை மலிவாக அல்லவா கொட்டினேன்? உன் கம்ப்யூட்டர் பொய் சொல்கிறதா?"

கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையையும் சொல்லவில்லை!

நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் கம்ப்யூட்டர் ஒரு தனி அளவுகோல் எடுத்துக் கொள்ளும். ஜனவரியில் விலை ஆயிரக்கணக்கில் இருந்தால், பக்கத்தின் உச்சி ஆயிரக்கணக்கு. ஏப்ரலில் விலை நூற்றுக்கணக்கில் இருந்தால், அந்தப் பக்கத்தின் உச்சி நூற்றுக்கணக்கு. இரண்டு கோடும் பக்கத்தை நிறைத்துக் கொண்டு நிற்கும். தனியாகப் பார்த்தால் குற்றம் இல்லை. புத்தகமாகக் கட்டி, ஒன்றோடு ஒன்று ஒப்பிடும்போதுதான் விபரீதம். ஒரு கடையில் சேர், இன்னொரு கடையில் கிலோ என்று அளந்த மாதிரி!

எனக்கு இது தோன்றவில்லை. எம்.எஸ்ஸி. படிக்கிறவளுக்கும் தோன்றவில்லை. மண்வெட்டி பிடித்த கைக்குத்தான் தோன்றியது.

அவள் பன்னிரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவுகோல் வைத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே விலை, கீழே கிலோ என்று இரண்டு படம் போட்டாள். பிறகு புரட்டினால் கதை தானாக ஓடியது.

ஜனவரியில் விலைக்கோடு மலை போல் நின்றது. கிலோக்கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. பனி; செடியில் மொட்டு இல்லை. மார்ச், ஏப்ரல், மே என்று வரவரக் கிலோக்கோடு ஏறியது. விலைக்கோடு படுத்து விட்டது. எல்லாத் தோட்டத்திலும் ஒரே சமயத்தில் பூத்தால் விலை எப்படி நிற்கும்? ஆடி மாதத்தில் கல்யாணம் இல்லை, விலை மந்தம். அதிலும் ஆடித் தபசை ஒட்டி ஒரு சிறு முள் மட்டும் எழும்பி இருந்தது. ஆவணி முகூர்த்தங்களில் கோடு பல் பல்லாக ஏறி இறங்கியது.

பதின்மூன்றாவது பக்கம்

"இது சரி. கைக்கு வந்தது எவ்வளவு?" என்று அத்தான் கேட்டார்.

அவள் பதின்மூன்றாவதாக ஒரு பக்கம் சேர்த்தாள். மாதா மாதம் வந்த வரவு ஒரு கம்பி. பறி கூலியும் மற்றச் செலவும் பக்கத்தில் இன்னொரு கம்பி.

நாலு மாதங்களில் செலவுக் கம்பி வரவுக் கம்பியைத் தொட்டுக் கொண்டு நின்றது. அத்தான் மனதில் தங்கி இருந்தவை அந்த நாலு மாதங்கள்தான். மற்ற மாதங்களில் வரவுக் கம்பி உயரமாகத்தான் இருந்தது.

அத்தான் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக் கொண்டு இருந்தார். அக்காள் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை! கார்த்திகையில்தான் எல்லோரும் கவாத்து செய்கிறோம். அதனால்தான் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பூக்கிறது. பாதித் தோட்டத்தில் கவாத்தை முன்னால் தள்ளினால் பனிக்காலத்தில் கொஞ்சம் பூ கிடைக்குமா? விவசாய ஆபீசரைக் கேட்டுப் பார்க்கிறேன். மீதிப் பாதி அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அழிப்பது பற்றி அன்று அவர் பேசவில்லை.

கட்டுரையை அவள் கல்லூரியில் கொடுத்து விட்டாள். கடைத்தெருவில் ஒரு பிரதி அச்சுப் போட்டு, ஓரத்தில் தைத்து, அப்பாவிடமும் கொடுத்தாள். அது இப்போது நோட்டோடு சேர்ந்து டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

போன வாரம் போயிருந்தேன். அத்தான் மகளிடம், "இந்த மாசத்துப் படத்தையும் இதன் பின்னாலேயே ஒட்டி விடேன்" என்று சொல்லிக் கொண்டு இருந்தார்.

"மூடின கோப்பில் ஆர் புதுப் பக்கம் ஒட்டாது அப்பா. கணக்கைச் சேர்த்து, முதலில் இருந்து மறுபடி ஓட்ட வேண்டும். ஒரு நொடி வேலைதான். இன்றைக்கு என்ன விலை? நோட்டில் எழுதினீர்களா?" என்று அவள் கேட்டாள்.

அத்தான் அப்போதுதான் மார்க்கெட்டில் இருந்து வந்து இருந்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்தார்.